தாருக்கும் மண்ணுக்கும் ஒரே பூட்ஸ்

சென்னையிலிருந்து திருக்காளத்திப் பக்கம் பைக்கில் போகிறவர்கள் ஏர்பேட்டை ஒரு சந்திப்பாகத்தான் அறிவார்கள். மதனப்பள்ளியில் புறப்பட்டு திருப்பதி, ரேணிகுண்டா வழியாக நாயுடுபேட்டைக்குச் செல்லும் 71ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. வெங்கடகிரியிலிருந்து வரும் 565ஆம் எண் சாலை இங்கே வந்துதான் முடிகிறது. லாரிகளும் பக்தர்களின் கார்களும் விரையும் அந்தத் தாரைவிட்டு எந்தப் பக்கம் இறங்கினாலும் சில நிமிடங்களில் வேறு தரை வந்துவிடும். செம்மண் வண்டித்தடம், சரளை கொட்டிய ஏரிக்கரை, வேலிக்கருவேல முள், தமிழில் பொன்முகலி என்று வழங்கிய சுவர்ணமுகியின் ஆற்று மணல், அதற்கும் அப்பால் மலையடிவாரத்தின் குவார்ட்சைட் பாறை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்த அந்தப் பாறை, குவார்ட்ஸ் மணல் இறுகி உண்டானது. எஃகுக் கத்தியைவிடக் கடினமானது. உடைந்து கிடக்கும் துண்டுகளின் விளிம்பு லேசில் மழுங்காது.

ஒரே நாளில் இத்தனை தரையிலும் ஓடுகிற வண்டிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 2016இல் வந்தது, ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது 2019இல். அந்த முதல் பதிப்புகள் இரண்டுமே தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரத்தில் வயிற்றை வைத்துக்கொண்டு கல்லையும் குழியையும் தாண்டுபவை. வண்டியின் டயரைப் பற்றி, சஸ்பென்ஷனைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் காலில் ஸ்போர்ட்ஸ் ஷூவோடுதான் மண்ணில் இறங்குகிறார்கள். அந்த ஷூவுக்குள் என்ன நடக்கிறது, அதற்குப் பதில் எதை வாங்குவது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முன்கூட்டியே ஒன்று: பக்கத்திலுள்ள சேஷாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியை விடுவது குற்றம். மண்பாதை என்று நான் சொல்வதெல்லாம் ஊர்களை இணைக்கும் பாதைகளை மட்டும்தான்.

காலிலிருந்து தொடங்குவோம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். கணுவின் இரு பக்கமும் புடைத்துத் தெரியும் முனைகள் இரண்டும் இந்தக் கணக்கில் வராது. அவை முழங்காலிலிருந்து இறங்கி வரும் இரண்டு நீண்ட எலும்புகளின் கீழ் முனைகள். அந்த இரண்டுக்கும் நடுவே, இடுக்கியில் பிடித்ததுபோல் உட்கார்ந்திருக்கிறது தாலஸ் என்ற எலும்பு. அதில் ஒரு தசைகூட ஒட்டியிருக்கவில்லை. இரத்த ஓட்டமும் குறைவு. அதனால்தான் தாலஸ் உடைந்தால் ஆறுவதற்கு மாதக்கணக்காகிறது, சிலருக்குச் சரியாக ஆறுவதே இல்லை. இந்த மூட்டு மேலும் கீழும் அசைவதற்காக அமைந்தது. நமக்கு கியரும் பிரேக்கும் போட அந்த அசைவுதான் வேண்டும். பக்கவாட்டில் அது மிகக் கொஞ்சமே இடம் தரும். அதற்கு மேல் திருகினால் முதலில் வெளிப்பக்கத்துத் தசைநார்கள் கிழியும், பிறகு எலும்பு முறியும்.

மண்பாதையில் கால் எப்படி அடிபடுகிறது? வேகமாகப் போய் மோதித்தான் என்று நினைக்க வேண்டியதில்லை. ஆற்று மணலில் முன்சக்கரம் அலைபாய்கிறது. ஓட்டுபவர் தன்னையறியாமல் காலை ஊன்றுகிறார். மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஐந்தரை மீட்டர். ஊன்றிய கால் மணலில் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் நின்றாலே போதும், வண்டியும் உடம்பும் ஒரு மீட்டருக்கு மேல் முன்னே போய்விடும். பாதம் ஓரிடத்தில், முழங்கால் வேறிடத்தில். இடையில் இருக்கும் கணுதான் அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்கிறது. பின்பக்கம் இரும்புப் பெட்டி கட்டியிருந்தால் அது வந்து கெண்டைக்காலை இடித்து, பாதத்தைத் தன் கீழே இழுத்துப்போடும். நீண்ட பயணம் போகிறவர்களின் கால் முறிவுகளில் இந்தப் பெட்டிக்கு ஒரு பங்கு உண்டு. துணிப் பைகள் நல்லவை என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

இன்னொரு விபத்து இன்னும் மெதுவானது. பாதத்தை ஃபுட்பெக்கில் வைக்கும்போது விரல்களை வெளியே விரித்து வைப்பது பலருக்குப் பழக்கம். பாதையோரக் கல்லோ அடிக்கட்டையோ அந்த விரல்களைப் பிடித்துப் பின்னால் வளைத்துவிடும். நடுப்பாதத்தின் மூட்டு வரிசை அப்படியே பெயர்ந்துபோகும். மருத்துவர்கள் இதை லிஸ்ஃபிராங்க் காயம் என்கிறார்கள். ஜாக் லிஸ்ஃபிராங்க் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு அறுவை மருத்துவர். குதிரையிலிருந்து விழுந்த வீரர்களின் கால் அங்கவடியில் மாட்டிக்கொண்டு முறிவதோடு சேர்த்து இன்றும் அவர் பெயர் சொல்லப்படுகிறது. அன்று அங்கவடி, இன்று ஃபுட்பெக். எலும்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடைசியாக, வண்டி நிற்கும்போதே சாய்வது. சரிவில் நிறுத்தி இறங்கும்போது பலருக்கு நேர்வது இது. ஹிமாலயன் 450 சுமார் 196 கிலோ. சாயும்போது அதன் எடை மையம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் இறங்குவதாக வைத்துக்கொண்டால், விடுபடும் ஆற்றல் 570 ஜூலுக்கும் மேல். எல்லாம் காலின் மேல் இறங்காது. ஹேண்டில்பாரும் கிராஷ் கார்டும் பெரும்பகுதியைத் தரைக்குக் கொடுத்துவிடும். ஆனால் பாதம் ஃபுட்பெக்குக்கும் பாறைக்கும் இடையில் அகப்பட்டால் மிஞ்சிய பங்கே போதும். தொழிற்சாலையில் போடும் சேஃப்டி ஷூவின் விரல்மூடி தாங்க வேண்டியது 200 ஜூல் என்பதோடு ஒப்பிட்டால் இந்தக் கணக்கின் எடை புரியும்.

மூன்று விபத்துகளிலும் காலைக் கெடுப்பது பக்கவாட்டு விசைதான்: முறுக்குதல், வளைத்தல், நசுக்குதல். ஆகவே பூட்ஸ் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இது பக்கவாட்டில் எவ்வளவு விறைப்பு என்பதைத்தான். தண்ணீர் புகுமா, எவ்வளவு கனம், என்ன நிறம் என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வர வேண்டும்.

இதை அளக்க ஒரு முறை இருக்கிறது. ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் காலணிகளுக்கென்றே உள்ள தரம் இஎன் 13634. பூட்ஸின் நாக்கிலோ உள்பக்கத்திலோ ஒரு சிறிய பைக் ஓட்டியின் படம், அதன் கீழே நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். ஒவ்வொன்றும் 1 அல்லது 2. முதல் எண் உயரத்துக்கு. இரண்டாவது, தேய்மானத்துக்கு. மூன்றாவது, கத்தி போன்ற விளிம்பு வெட்டாமல் இருப்பதற்கு. நான்காவது எண்தான் நாம் தேடுவது. பூட்ஸை அகலமான இடத்தில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்துப் பக்கவாட்டில் அழுத்துவார்கள். 1 என்றால் அது நசுங்க ஒரு கிலோநியூட்டன் விசை தேவைப்பட்டது. 2 என்றால் ஒன்றரை கிலோநியூட்டன். ஏறத்தாழ 150 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். இந்த ஒரு எண்ணை நம் கடைகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வாங்குகிறவர்தான் நாக்கை விரித்துப் பார்க்க வேண்டும். கணுவின் முனைகளுக்கு மேல் தனியாக அடிதாங்கிப் பட்டை வைத்துச் சோதித்திருந்தால் ஐபிஏ என்ற எழுத்துகள் கூடவே இருக்கும்.

நம் நாட்டுச் சட்டம் தலையைப் பற்றிப் பேசுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது, அதற்கு ஐஎஸ் 4151 என்ற தரமும் இருக்கிறது. பைக் ஓட்டுபவரின் காலில் என்ன இருக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். உயிரோடு தப்பிக் காலை இழந்தவர்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள்.

பூட்ஸ் உண்மையிலேயே காப்பாற்றுகிறதா என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு நேர்மையான பதில் இருக்கிறது. லிஸ் டி ரோமும் அவருடைய குழுவினரும் விபத்துக்குள்ளான 212 பைக் ஓட்டிகளைப் பற்றி 2011இல் வெளியிட்ட ஆய்வு அது. உள்ளே அடிதாங்கிப் பட்டைகள் வைத்த காலணி போட்டிருந்தவர்களுக்குப் பாதத்திலும் கணுவிலும் காயம் படும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆச்சரியம் அடுத்த வரியில் வருகிறது. பைக்குக்காகச் செய்யாத சாதாரண பூட்ஸ் போட்டிருந்தவர்களுக்கும், ஷூ போட்டவர்களோடு ஒப்பிட்டால், ஆபத்து பாதிக்கும் கீழே போயிருந்தது. எலும்பு முறிவை மட்டும் தனியாகப் பார்த்தபோது, பாதுகாப்புப் பட்டைகளால் தெளிவான பலன் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. பூட்ஸ் போட்டால் கால் முறியாது என்று நம்பி வேகத்தைக் கூட்டுவது முட்டாள்தனம். அதே சமயம், செருப்பிலிருந்து கணுவை மூடும் ஏதோ ஒரு கெட்டியான பூட்ஸுக்கு ஏறுவதுதான் மிகப் பெரிய படி. அதற்கு மேல் எவ்வளவு செலவு செய்தாலும் அடுத்தடுத்த படிகள் சிறியவையே.

திருப்பதி மாவட்டத்தின் தெற்கு முனையில் இருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குக் காலையில் ஷிப்டுக்குப் போகும் பைக்குகளைப் பாருங்கள். சேஃப்டி ஷூவோடு வண்டி ஓட்டுகிறவர்கள் ஏராளம். தொழிற்சாலைக்காகப் போட்டது, வழியிலும் அவர்கள் காலைக் காக்கிறது. கணுவை மூடும் உயரமான சேஃப்டி ஷூ, மண்பாதை பழகத் தொடங்கும் ஒருவருக்கு மோசமான தேர்வல்ல என்றே சொல்வேன். முள் ஏறாத தகடு வைத்த வகை கிடைத்தால் இன்னும் நல்லது. சர்வதேசத் தரப்படி அந்தத் தகடு 1,100 நியூட்டன் விசையில் ஆணி இறங்குவதைத் தடுக்க வேண்டும். வேலிக்கருவேல முள்ளெல்லாம் அதற்கு முன்னே ஒன்றுமில்லை. குறைகளும் உண்டு. இரும்பு மூடி விரல்களோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னால் நடுப்பாதமும் கணுவும் பக்கவாட்டு அழுத்தத்துக்குத் திறந்தே கிடக்கின்றன. நுனி தடித்திருப்பதால் கியர் லீவருக்குக் கீழே புகாது. நாடா அவிழ்ந்தால் ஃபுட்பெக்கில் சுற்றிக்கொள்ளும். நாடாவை இறுக்கி முடிந்து, நுனியை உள்ளே செருகிவிட வேண்டும்.

தோலா, செயற்கைத் துணியா என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பதில் தேடினால் நம் ஊருக்கே வந்து சேர்வோம். தோலின் பலமெல்லாம் கொலாஜன் என்ற புரதத்தில் இருக்கிறது. அந்தப் புரதம் மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்கு என்று முதலில் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும். 1954இல் நேச்சர் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. ஆராய்ச்சிக்கு வேண்டிய கொலாஜனைத் தேடி அவர்கள் நெடுந்தூரம் போகவில்லை. கிண்டி வளாகத்தை ஒட்டியே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. 1948இல் தொடங்கிய அந்த நிறுவனத்தோடு உண்டான அண்டைவீட்டு உறவு அறிவியலுக்கு எவ்வளவு பெரிய லாபம் என்பதை நம் பள்ளிப் பாடங்கள் இன்னும் உரக்கச் சொல்லலாம். தெளிவான எக்ஸ் கதிர்ப் படம் கிடைத்தது கங்காருவின் வால் தசைநாரிலிருந்து. இன்று பைக் பந்தய உடைகளில் மிக உயர்ந்ததாகக் கருதப்படும் தோலும் கங்காருத் தோல்தான். அதன் கொலாஜன் நார்கள் தோலின் பரப்புக்கு இணையாகப் படுத்திருப்பதால் மெல்லியதாக இருந்தும் கிழியாது.

மாட்டுத்தோலில் நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கின்றன. மேல் அடுக்கில் நெசவு மிக நெருக்கம். அந்த அடுக்கோடு சேர்ந்த முழுத்தோல் தேய்மானத்தைத் தாங்கும். அதைப் பிரித்தெடுத்துவிட்டுக் கீழ் அடுக்கின் மேல் பிளாஸ்டிக் பூசி, அசல் தோல் என்று முத்திரை குத்தி விற்பதும் நடக்கிறது. சொல்வது பொய்யில்லை, ஆனால் முழுத்தோல் அளவுக்குத் தேய்மானத்தைத் தாங்காது. வெட்டு விளிம்பை உற்றுப் பார்த்தால் மேல் பூச்சு தனி அடுக்காகத் தெரியும். குரோமியம் ஊட்டிப் பதனிட்ட தோலுக்கு இன்னொரு குணம் உண்டு. பச்சைத் தோலின் கொலாஜன் 60 டிகிரிக்குச் சற்று மேலேயே சுருங்கிவிடும், பதனிட்டதோ கொதிநீரைத் தாங்கும். தாரில் சறுக்கும்போது உராய்வு கிளப்பும் வெப்பத்தில் நைலான் உருகி நம் உடம்பின் தோலோடு ஒட்டும். பதனிட்ட தோல் உருகாது, கருகித் தேயும். கேம்பிரிட்ஜின் ராடரிக் வுட்ஸ் வடிவமைத்த தேய்மான இயந்திரம் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் உப்புத்தாள் பட்டையில் மாதிரியை அழுத்திப் பார்க்கிறது. பூட்ஸின் முக்கியமான பகுதிகள் அதில் ஐந்து நொடி தாங்கினால், நான்கு எண்களில் இரண்டாவது 1, பன்னிரண்டு நொடி தாங்கினால் 2.

தார்ச் சாலையில் தோல் வெல்கிறது என்றால் மண்ணில்? நனைந்த தோல் கனக்கும், காயாமல் வைத்தால் பூசணம் பிடிக்கும், வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். செயற்கை மைக்ரோஃபைபர் குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கிறது. கல்லில் அடிபடும் முன்னங்கால், கணு, விரல் ஆகிய இடங்களில் கெட்டி பிளாஸ்டிக் தகடும் மற்ற இடங்களில் தோலும் வைத்த கலப்புதான் கலப்புப் பயணத்துக்குப் பொருந்துகிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் உலகத்துக்கே ஷூ செய்து அனுப்புகின்றன. நம் வெயிலுக்கென்றே யோசித்த ஒரு பைக் பூட்ஸ் அங்கிருந்து பெயர்பெற்று வர வேண்டும் என்பது என் ஆசை.

ஏனென்றால் வெயில்தான் இங்கே பெரிய சிக்கல். உலகின் புகழ்பெற்ற பைக் பூட்ஸ்களில் பல இத்தாலியின் வெனிட்டோ பகுதியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்துச் சிற்றூர்களில் பிறந்தவை. 1960இல் மாசேரில் சிடி, 1963இல் அசோலோவில் ஆல்பைன்ஸ்டார்ஸ். மலையேறும் பூட்ஸ் தைத்த கைகள்தான் பைக் பூட்ஸுக்கும் மாறின. குளிரும் பனியும் தெரிந்த கைகள். அதனால் விலையுயர்ந்த பூட்ஸ் என்றாலே உள்ளே நீர்புகாச் சவ்வு ஒன்று இருக்கும் என்றாகிவிட்டது. அந்தச் சவ்வின் நுண்துளைகள் நீர்த்துளியைவிட மிகச் சிறியவை, நீராவியின் மூலக்கூறைவிடப் பெரியவை. வெளியே உள்ள தண்ணீர் உள்ளே வராது, உள்ளே உள்ள வியர்வை ஆவியாக வெளியேறும். விளம்பரம் இத்தோடு நின்றுவிடும்.

அந்த ஆவி தானாக வெளியேறுவதில்லை. உள்ளே ஆவியழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அது நகரும். பூட்ஸுக்குள் 35 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றின் ஆவியழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். வெளியே 10 டிகிரி குளிரும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அங்கே ஒரு கிலோபாஸ்கல்தான். வித்தியாசம் நாலரைக்கும் மேல், வியர்வை விரைந்து வெளியேறும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது இந்தப் பக்கம் 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே அழுத்தம் 3.2 கிலோபாஸ்கல். வித்தியாசம் இரண்டரைகூட இல்லை, ஏறக்குறைய பாதி. மேல்தோலும் நனைந்து ஊறிவிட்டால் அந்தப் பாதிக்கும் வழி அடைபடும். மழைக்காக வாங்கிய சவ்வு நம் மழையில் முழுப் பலன் தருவதில்லை. சித்திரையில் 40 டிகிரிக்கு மேல் காற்று வறண்டிருக்கும்போது ஆவி போகும், ஆனால் காற்றே புகாததால் கால் வெந்துபோகும்.

தண்ணீரைக் கடப்பதிலும் இதே கதை. பருவமழைக்குப் பின் ஓடைகளில் முழங்கால் ஆழம் சாதாரணம். அங்கே தண்ணீர் பூட்ஸின் பக்கத்தில் நுழைவதில்லை, மேல் வாயில் வழியாக இறங்கும். உள்ளே போன தண்ணீரை நீர்புகாச் சவ்வு வெளியே விடாது. கால் முழுதும் குடத்தில் நிற்பதுபோல் அன்று மாலைவரை ஊறும். ஊறிய தோல் மென்மையாகிப் பிய்யும், விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். ஆகவே என் தீர்ப்பு: இந்தப் பகுதிக்கு நீர்புகா பூட்ஸ் வேண்டாம். தண்ணீர் வந்தால் வந்த வழியே வடிந்து, காற்றில் காயும் பூட்ஸ் போதும். கூடவே ஒரு ஜோடி மாற்றுக் காலுறையை பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி கலந்ததோ செயற்கை இழையோ நல்லது. பெருமழை நாளில் ஆற்றையே கடக்காமல் திரும்பிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. 2021 நவம்பரில் சுவர்ணமுகி எப்படிப் பெருகியது என்பதைத் திருப்பதிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அடிப்பகுதிக்கு வருவோம். கரடுமுரடான பாதையில் உட்கார்ந்து ஓட்ட முடியாது, ஃபுட்பெக்கின் மேல் எழுந்து நிற்க வேண்டும். அப்போது உடம்பின் முழு எடையும் விரற்கடை அகலமுள்ள இரும்பின் மேல் நிற்கிறது. மெல்லிய அடியுள்ள ஷூவில் அரைமணி நேரம் நின்றால் உள்ளங்கால் எரியும். அடித்தோலுக்குள் வைத்த எஃகு அல்லது கெட்டி பிளாஸ்டிக் பட்டை அந்த எடையைக் குதிகாலிலிருந்து முன்பாதம்வரை பரப்புகிறது. நடுப்பாதம் வளைந்து பெயராமல் காப்பதும் அதுதான். கடையில் பூட்ஸின் நுனியையும் குதிகாலையும் பிடித்து மடக்கிப் பாருங்கள். நடுவில் மடங்கினால் வைத்துவிடுங்கள். விரல் மூட்டருகே சற்றே வளைந்தால் சரி.

மோட்டோகிராஸ் பந்தய பூட்ஸில் அடி தட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். ஃபுட்பெக்கில் நகர அது வசதி. கீழே இறங்கி ஈரப்பாறையில் வண்டியைத் தள்ள நேர்ந்தால் வழுக்கும். பள்ளமிட்ட ரப்பர் அடிக்கு ஒரு சோக வரலாறு உண்டு. 1935இல் ஆல்ப்ஸில் தம் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த வித்தாலே பிரமானி என்ற மலையேறி, பாறையைப் பற்றும் ரப்பர் அடியை 1937இல் உருவாக்கினார். விப்ரம் என்ற பெயர் அவர் பெயரின் சுருக்கம்தான். தள்ளவும் நடக்கவும் வேண்டியிருக்கும் நம் பயணத்துக்கு மிதமான பள்ளங்கள் வேண்டும், குதிகாலுக்கு முன்னால் ஃபுட்பெக் வந்து உட்காரும் படியும் வேண்டும். பள்ளம் மிக ஆழமாக இருந்தால் ஃபுட்பெக்கின் பற்களில் மாட்டி, அவசரத்தில் காலை எடுக்க விடாது.

எவ்வளவு விறைப்பு, எவ்வளவு உயரம்? கணுவில் கீல் வைத்த முழு பந்தய பூட்ஸ் பக்கவாட்டில் மிகப் பாதுகாப்பானது. ஆனால் பனிச்சறுக்கு விளையாட்டு சொல்லித் தந்த பாடம் ஒன்று இருக்கிறது. எழுபதுகளில் உயரமான கெட்டி பிளாஸ்டிக் பூட்ஸ் வந்தபோது கணுக்கால் முறிவுகள் குறைந்தன, முழங்கால் தசைநார் கிழிவுகள் கூடின. விசை மறைந்துபோவதில்லை, அடுத்த மூட்டைத் தேடிப் போகிறது. தவிர, பந்தய பூட்ஸோடு திருக்காளத்திக் கோயில் வாசல்வரை நடந்து பார்த்தால் தெரியும், நாள் முழுதும் போட்டிருக்க முடியாது. போடாத பூட்ஸ் யாரையும் காப்பாற்றாது. கெண்டைக்காலின் பாதிவரை ஏறி, கணுவில் முன்பின் வளைந்து, பக்கவாட்டில் வளையாத பயண பூட்ஸ்தான் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஃபார்மா, டிசிஎக்ஸ் போன்ற இத்தாலியப் பெயர்களிலும் ஒராஸோ, கிளான் போன்ற இந்தியப் பெயர்களிலும் கிடைக்கும் பயண வகைகளைப் போட்டுப் பாருங்கள். பெயரைவிட அந்த நான்கு எண்களை நம்புங்கள். கீல் உள்ள வகை என்றால் அதன் அச்சு உங்கள் கணு முனைக்கு நேராக இருக்க வேண்டும். விரற்கடை மேலோ கீழோ போனால் பூட்ஸும் காலும் நாளெல்லாம் சண்டை போடும்.

பூட்டும் முறையில் எனக்கு பக்கிள்தான் பிடிக்கும். ஜிப்பில் செம்மண் புகுந்தால் பாதி வழியில் நின்றுவிடும். பக்கிள் கல்லில் பட்டு உடைந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும்.

புதிய பூட்ஸ் மாட்டியதும் கியர் காலுக்குத் தட்டுப்படவில்லை என்று பலர் சொல்வார்கள். அதில் வியப்பில்லை. விரலுக்கு மேல் தோலும் பஞ்சும் தகடும் ஏறிவிட்டன, லீவர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. லீவர் பல்வரிசையுள்ள தண்டில் மாட்டியிருக்கிறது. போல்ட்டைத் தளர்த்தி ஒரு பல் மேலே ஏற்றி மாட்டினால் போதும், எந்த மெக்கானிக்கும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார். பின்பிரேக் பெடலின் உயரத்தையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டி அடியில் பிரேக்கின் அழுத்தம் காலுக்கு உறைக்காது, அதனால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். முதல் சில நாள் ஊருக்குள் மெதுவாக ஓட்டிப் பழகித்தான் மலைப்பக்கம் போக வேண்டும்.

வாங்கியதைப் பெட்டிக்குள் பூட்டிவைப்பதும் கேடு. பல பூட்ஸ்களின் நடு அடி பாலியூரித்தேனால் ஆனது. காற்றின் ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. சென்னை போன்ற கடலோர ஊரில் சில ஆண்டுகள் தொடாமல் வைத்த நல்ல பூட்ஸ், ஒருநாள் எடுத்துப் போட்டதும் அடி பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். அடிக்கடி போடுங்கள், நிழலில் காற்றாட வையுங்கள். பழைய கையிருப்பைத் தள்ளுபடியில் வாங்கும்போது தயாரித்த ஆண்டைக் கேளுங்கள்.

திருக்காளத்தியின் வேடர் கண்ணப்பரைத் தமிழ் பாடும்போது அவர் காலின் செருப்பையும் சேர்த்தே பாடுகிறது. மாணிக்கவாசகர் அதைச் சொல்லியிருக்கிறார். பாறையும் முள்ளும் நிறைந்த இந்த மலைகளில் வேட்டுவர்கள் தோலைக் காலில் கட்டிக்கொண்டுதான் திரிந்தார்கள். தரை அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். இன்றைக்குக் கூடியிருப்பவை வேகமும் இருநூறு கிலோ இரும்பும்.

மாலையில் கடைக்குப் போங்கள். பகலெல்லாம் நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும், பயணத்தில் இருப்பதும் அந்தப் பாதம்தான். பயணத்துக்குப் போடப்போகும் காலுறையையே மாட்டிக்கொண்டு போய், இரண்டு கால்களிலும் போட்டு, படியேறி இறங்குங்கள். குதிகால் உள்ளே தூக்கினால் வேண்டாம், விரல் முன்சுவரில் இடித்தாலும் வேண்டாம். நாக்கை விரித்து நான்கு எண்களைப் பாருங்கள். முதல் எண்ணும் நான்காவது எண்ணும் 2 ஆக இருந்தால், தண்ணீர் வடியக்கூடியதாக இருந்தால், அதை வாங்குங்கள். அவ்வளவு பணம் இப்போது இல்லையென்றால் கணுவை மூடும் ஒரு சேஃப்டி ஷூவாவது வாங்கிக்கொள்ளுங்கள். செருப்புக் காலோடு மட்டும் தாரைவிட்டு மண்ணில் வண்டியை இறக்காதீர்கள்.